பாப்பா என்றொரு ஃபோல்டர்

சுவரில் மாட்டியிருந்த மதியின் படத்தில் கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

காலையில் பூ மாற்றப் போனபோதுதான் பார்த்தேன். இறந்துபோன குழந்தைக்குப் புதிதாகக் கன்னத்தில் குழி விழ வாய்ப்பில்லை. அந்தக் குழி எங்கள் இரண்டாவது மகள் இளவேனிலுடையது. அவள் சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு மிளகை வைத்து அழுத்தியது மாதிரி விழும். மதி அவள் பிறப்பதற்கு முன்பே, மூன்றரை வயதில், காய்ச்சலில் போய்விட்டாள்.

"பிரதீபா, இங்க வா. மதிக்குக் கன்னத்துல குழி இருந்துச்சா?"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என் மனைவி வந்தாள். படத்தைப் பார்த்தாள். "இருந்துச்சேங்க. எப்பவுமே இருந்துச்சு. இதென்ன காலங்காத்தால இப்பிடியொரு கேள்வி?"

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் நிறம் பொருத்துகிறவன். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துணித்துண்டுக்கும் எங்கள் தொட்டியில் ஊறிவந்த துணிக்கும் இம்மி வேறுபாடு இருந்தாலும் சொல்லிவிடுவேன். என் கண்ணை நம்பித்தான் அங்கே கன்டெய்னர் கிளம்பும். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, நான் பெற்ற பிள்ளைக்குக் குழி இருந்ததா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று மனம் சொன்னது.

அது காகிதப் படமாக இருந்திருந்தால் மங்கியிருக்கும், பூச்சி அரித்திருக்கும், குழி விழுந்திருக்காது. இப்போது எந்த வீட்டில் காகிதம் இருக்கிறது? சுவரில் இருப்பது ஒரு சின்னத் திரை. அது எங்கள் குடும்ப ஆல்பத்திலிருந்து படத்தை எடுத்துக் காட்டும். ஆல்பத்தை வைத்திருப்பது 'படக்கூடம்' என்ற மென்பொருள். நாம் எடுப்பதையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால், அதுவே ஃபோல்டர் பிரித்து அடுக்கி, ஆல்பம் கட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் வெளியிட்டுவிடும். இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பிரதீபாவின் தம்பி கோகுல்நாத். ஸ்டுடியோக்காரனுக்கு எதற்குத் தண்டம் அழவேண்டும், நான் ஒருத்தன் போதாதா என்று எல்லா விசேஷத்திலும் அவன்தான் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

அன்று காலை இளவேனில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, "அப்பா, நாம மறுபடி எப்பப்பா கடலுக்குப் போலாம்? முன்னாடி நீங்க என்னைத் தோள்ல வெச்சுட்டு தண்ணிக்குள்ள போனீங்கல்ல?" என்றாள்.

இளவேனில் கடலைப் பார்த்ததே இல்லை. நான் தோளில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்தில் இறங்கியது மதியை. கைபேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். என் தோள்மேல் இளவேனில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் குழியோடு. பிரதீபாவிடம் நீட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க," என்றாள், "எம்புள்ள எங்கீங்க?"

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, இளவேனிலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கோயம்புத்தூர் கிளம்பினோம். படக்கூடத்தின் அலுவலகம் அவினாசி ரோட்டில் இருந்தது. கோகுல்நாத்தும் அங்கே வந்து சேர்ந்தான். எங்களுக்கு வாய்த்தது ஷப்னம் என்ற பெண். முப்பது வயதிருக்கும். கோபக்காரர்களைப் பார்த்துப் பழகிய நிதானம் அவளிடம் இருந்தது. கூச்சல் போடுவதென்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வீணாயிற்று.

"சார், போட்டோ மாறிப்போச்சுன்னு சொல்றீங்க. உண்மையச் சொன்னா எங்ககிட்ட போட்டோன்னு ஒண்ணு இல்லைங்க சார்."

"பின்ன என்னம்மா இருக்குது?"

"முன்னெல்லாம் நீங்க ஒரு படம் ஏத்துனா மூணு ஃபோல்டர்ல போய் உக்காரும். எடுத்தபடியே ஒண்ணு, திரையில காட்டற அளவுக்கு ஒண்ணு, நகம் சைஸுல ஒண்ணு. ஊரே நாள் முழுக்க படம் எடுத்துத் தள்ளுனா எங்க சார் வெக்கிறது? அதனால இப்ப ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அதுல அவங்க முகம் ஒரே ஒரு தடவை இருக்கும். மத்தபடி உங்க படம்ங்கறது வெறும் குறிப்புதான். இன்ன எடம், இன்ன துணி, இன்னார் இப்பிடி சிரிக்கிறாங்கன்னு. நீங்க தொட்டவுடனே அந்த முகத்தை எடுத்து வெச்சு அது வரைஞ்சு காட்டும்."

"அப்ப எடுத்தபடி இருந்தது?"

"முகம் நல்லாப் பதிஞ்சதும் அழிச்சிரும். ஆல்பம் ஆரம்பிக்கறப்பவே கேட்டிருப்பாங்க. நீங்க ஒத்துக்கிட்டதுதான்."

நான் கோகுல்நாத்தைப் பார்த்தேன். அவன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஷப்னம் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "உங்க ஆல்பத்துல ரெண்டு ஃபோல்டர் இருந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரு. பாப்பா."

"நம்ம வீட்டுல பாப்பாவைப் பாப்பான்னுதான மச்சான் கூப்புடுவோம்?" என்றான் கோகுல்நாத். "அப்ப அதுதான் பாப்பா. இப்ப இதுதான் பாப்பா. இதுல என்ன தப்பு?"

"தப்பில்லைங்க. ஆனா போன வருஷம் சின்னப் பாப்பாவோட காதுகுத்துப் படம் ஏத்தியிருக்கீங்க. பெரிய பாப்பா காதுகுத்துல இருந்த அதே கோயில், அதே வயசு, அதே மாமா மடி, அதே பட்டுப்பாவாடை. முகச்சாயலும் கொஞ்சம் கிட்ட. ரெண்டு பாப்பாவும் ஒருத்தர்தானான்னு சிஸ்டம் கேட்டிருக்கு. ஆமான்னு பதில் வந்திருக்கு."

"அந்த நகம் சைஸு படத்துல என்னக்கா தெரியும்?" கோகுல்நாத் தன் அக்கா பக்கம் திரும்பினான். "பாவாடைதான் தெரிஞ்சுது. நம்ம பாப்பாதானேன்னு அமுத்திட்டேன்."

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது, அடுத்த கணமே பாவமாகவும் இருந்தது. மூத்ததன் துணியை இளையதுக்குப் போடுவது எந்த வீட்டில் நடக்காதது? அந்தப் பாவாடையை பீரோவிலிருந்து எடுத்தவள் பிரதீபா. போனவளின் துணி வேண்டாமே என்று யாரோ முணுமுணுத்தபோது, எம்புள்ள துணிக்கு என்ன குறைச்சல் என்று சண்டை போட்டுத்தான் போட்டுவிட்டாள். இப்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவள்மேல் பழி போடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு.

"பிரிச்சிருங்கம்மா," என்றேன். "ரெண்டையும் பழையபடி தனித்தனியாப் பண்ணிருங்க. எவ்வளவு வேலை இருந்தாலும் பரவால்ல."

"ரெண்டு சாயத்தை ஒரே தொட்டியில ஊத்தினா உங்களால பிரிக்க முடியுங்களா சார்?"

என் தொழிலை எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. பதற்றத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன்.

"ஒவ்வொரு தடவை ஆல்பம் வெளியிடறப்பவும் இன்னும் கொஞ்சம் கலக்கும். புதுப் படம் எல்லாம் சின்னப் பாப்பாவோடது. அதனால பெரிய பாப்பா முகம் தேஞ்சுக்கிட்டே வருது. ஆனா ஒரு வழி இருக்கு. கலக்காத படம் ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும், அதை வெச்சு அந்தப் பாப்பா ஃபோல்டரைத் திரும்பக் கட்டிரலாம். வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா? ஆதார்ல?"

"அது கைக்குழந்தையில எடுத்தது. கண்ணே தொறக்கல."

"ஸ்கூல்?"

"சேக்கறதுக்குள்ளதான் போயிருச்சே," என்றாள் பிரதீபா. அங்கே வந்தபிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஷப்னம் யோசித்தாள். "பெரிய பாப்பாவோட காதுகுத்து அன்னிக்குக் கோயில்ல வேற குடும்பம் இருந்துச்சுங்களா?"

இருந்தது. முகூர்த்த நாள். காங்கேயம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் அன்றைக்கு நிற்க இடமில்லை, எல்லாப் பக்கமும் மொட்டைத்தலையும் அழுகையும்தான்.

"அப்ப அவங்க படத்துல பின்னாடி உங்க பாப்பா விழுந்திருக்கலாம். எல்லா ஆல்பத்துலயும் 'மற்றவர்கள்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. பேர் தெரியாத முகத்தை சிஸ்டம் தொடாது, எடுத்தபடியே வெச்சிருக்கும். முகத்தை வெச்சுத் தேட முடியாது, நம்மகிட்ட இருக்கறதே தப்பான முகம். துணியை வெச்சுத் தேடலாம். பாவாடை நெறம் சொல்லுங்க சார்."

"மயில்கழுத்து. பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கும். அரக்கு பார்டர், சன்னமான ஜரிகை."

அவள் தட்டினாள். நாங்கள் மூவரும் திரைப்பக்கம் குனிந்தோம். கோயிலும் தேதியும் பாவாடையும் பொருந்தி ஒரே ஒரு படம் வந்தது. பல்லடத்துக் குடும்பம் ஒன்று ஆட்டுக்கிடாயோடு சிரித்துக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் தனியாக மயில்கழுத்துப் பாவாடை. அதற்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மங்கல். பேர் தெரியாதவர்களை வெளியாட்களுக்கு அப்படித்தான் காட்டுமாம்.

"இது உங்க பாப்பாதான்னு என்னால சொல்ல முடியாது சார். அன்னிக்கு அதே நெறத்துல வேற குழந்தையும் போட்டிருக்கலாம். ஆல்பத்துக்காரர்தான் தொறந்து காட்டணும், இன்னார்னு பேர் போட்டு உங்களுக்குக் குடுக்கணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ. அவரு மகன் கல்யாணப் படத்தை ஏத்தியிருக்காரு. அந்தக் கோயில் படத்துக்கு அப்புறம் இப்பத்தான் மொதத் தடவையா வெளியிடச் சொல்லிப் போட்டிருக்காரு. வரிசையில நிக்குது."

"நின்னா?"

"வெளியிடறப்ப மற்றவர்கள் ஃபோல்டரைத் துடைச்சிரும் சார். பேர் போடாதவங்க எல்லாம் போயிருவாங்க."

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். வரிசை எப்போது நகரும் என்று தனக்கே தெரியாது, ஒரு மணிநேரமும் ஆகலாம், ஒரு நிமிஷமும் ஆகலாம் என்றாள். வரிசையில் ஏறிவிட்டதை உரிமையாளராலும் நிறுத்த முடியாதாம், அதற்குள் அவர் பேர் போட்டால்தான் முகம் தப்புமாம்.

அவர் பெயர் முத்துரத்தினம். பல்லடத்தில் பந்தலும் சவுண்ட் சர்வீஸும் நடத்துகிறவர். ஷப்னம் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுத்து, எதுவும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். கோகுல்நாத் தன் எண்ணிலிருந்து அழைத்தான், மணி போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் திரையில் அந்த மங்கலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை திரை லேசாக அசைந்தபோதும் போய்விட்டது என்று நினைத்தேன். காய்ச்சல் வார்டின் வாசலில் நின்றபோதும் இப்படித்தான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையாக அதே பிள்ளையை இழக்க என் உடம்பில் தெம்பில்லை.

கடைசியில் பிரதீபா போனை வாங்கி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "அண்ணா, நான் எதையும் விக்க வரலீங்க. செத்துப்போன எம்புள்ள மொகம் உங்க போட்டோல இருக்குதுங்ண்ணா. ஒருக்கா எடுங்க."

எடுத்தார். வீடியோவில் வந்தார். பின்னால் யாரோ மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஷப்னம் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. கண்டவங்க கேட்டாங்கன்னு ஒரு கொழந்த போட்டோவைத் தூக்கிக் குடுக்கற ஆளு நானில்ல. காலம் கெட்டுக் கெடக்குது. நான் தொறந்து காட்டறேன். உங்க புள்ளதான்னு நீங்க சத்தியமாச் சொல்லோணும். சொன்னாப் பேரு போடறேன்."

பிரதீபா திரைக்கு நேராக உட்கார்ந்தாள். நான் பக்கவாட்டில் சுவரோரமாக நின்றுகொண்டேன். நேரே நின்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மங்கல் விலகியது.

அகலமான நெற்றி. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் காதுகள், அப்போதுதான் குத்தியதில் சிவந்து. கீழுதடு பிதுங்கி, அழுகைக்கும் ஆங்காரத்துக்கும் நடுவே ஒரு முகம். குழி கிடையாது. அழகான குழந்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"இது இல்லீங்க," என்றாள் பிரதீபா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ. நான் தேடிவந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதே சமயம் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது, என்னவென்று பிடிபடவில்லை.

"நல்லாப் பாருங்கக்கா," என்றாள் ஷப்னம். "ஒரு வருஷமாக் கலந்த முகத்தையே பாத்துட்டிருக்கீங்க. கண்ணு பழகியிருக்கும்."

"நான் பெத்தவம்மா. எனக்குத் தெரியாதா? எம்புள்ளைக்குக் காது இப்பிடி இருக்காது." அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல, இருந்துச்சா? ஏனுங்க, இருந்துச்சா? எனக்கு ஞாபகம் வரலீங்களே. பெத்தவளுக்கே ஞாபகம் வரலீங்களே."

"உட்டுருங்க அம்மிணி," என்றார் முத்துரத்தினம், இரக்கத்தோடுதான். "வேற யாரு புள்ளையோ. எனக்கு வேலை கெடக்குது. வெக்கட்டுங்களா?"

வைத்தால் முடிந்தது. நான் பாய்ந்து பிரதீபாவின் தோளுக்கு மேலே குனிந்து, "ஒரு நிமிஷமுங்க, ஒரே நிமிஷம்," என்று கத்தினேன். என்ன சொல்வதென்று எனக்கே தெரியாது.

அவர் வைக்கவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க யாருங்க தம்பி? அப்பனுங்களா? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

போனேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னால் திரும்பி மூங்கில் இறக்குகிறவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

"அட ஏனம்மிணி, பக்கத்துலயே ஆள நிறுத்தி வெச்சுட்டா சாட்சி தேடறீங்க? இவரையே உரிச்சு வெச்சிருக்குது. அந்தக் காதப் பாருங்க. நெத்தியப் பாருங்க. இதப் போயி யாருதோங்கறீங்களே!"

ஷப்னம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோகுல்நாத் அழ ஆரம்பித்துவிட்டான். "ஆமா மச்சான். மதி பொறந்தப்ப எல்லாரும் இதத்தான சொன்னாங்க. அப்பிடியே அப்பன்னு."

சொன்னார்கள்தான். இளவேனில் அம்மா ஜாடை. கலந்ததில் மதியும் மெல்ல மெல்ல அம்மா பக்கம் நகர்ந்துவிட்டாள். பிரதீபா தன் முகத்தைத்தான் இவ்வளவு நாளும் மகள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ ஊரான் துணியையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவன், என் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றாமல் போனேன்.

"சட்டுனு சொல்லுங்க, வரிசை நகருது," என்றாள் ஷப்னம்.

"பேரு என்னன்னு போடட்டும்?" என்றார் முத்துரத்தினம்.

பிரதீபா திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து திரும்பி, அண்ணாந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே சொன்னாள்: "நிறைமதி."

அன்று சாயங்காலத்துக்குள் ஷப்னம் ஃபோல்டரைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். வீட்டுச் சுவரில் மதி காதை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். இளவேனிலின் ஆல்பத்திலிருந்து கடல் போயிற்று, அந்த ஊர்க் கோயில் யானையோடு நின்ற படம் போயிற்று, அவள் உறுதியாக நினைவு வைத்திருந்த இன்னும் என்னென்னவோ போயின. நான் போனேனே, எனக்குத் தெரியுமே என்று அவள் அழுத அழுகையை நிறுத்தவே முடியவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் சாமி என்று சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாகப் போகிறோம் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

பிரதீபா இப்போதெல்லாம் சுவரைப் பார்ப்பதில்லை. சுவரில் இருப்பதை இனி நம்பமாட்டாளாம். நான் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். தூங்கி விழித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இப்படிப் பார்த்தது கிடையாது. ஆனால் அவள் பார்ப்பது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு வயதாகும். கன்னம் ஒட்டும், நெற்றி சுருங்கும். என்னை எந்த ஃபோல்டரில் போட்டு வைப்பாள்?

நேற்று சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். விரலை நீட்டி என் மீசையை மறைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், "இதை எடுத்துருங்களேன்."

எடுத்துவிட்டேன்.